40 ரூபாய் பேட்டரியும் நம் பழைய டி.வி.ஆரும்

(நம் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், சிசிடிவி பராமரிப்பைக் கவனித்துவரும் உறுப்பினர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாதவர்களுக்காக இந்தக் காலாண்டு இதழில் வெளியிடுகிறோம்.)

தலைவர் எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் செயலாளர் இப்போதே கடிகாரத்தைப் பார்க்கிறார். நான் பேசப்போவதும் கடிகாரத்தைப் பற்றித்தான்.

மாடிப்படிக்குக் கீழே தகரப் பெட்டிக்குள் இருக்கும் நம் டி.வி.ஆரை உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். வாட்ஸ்அப் குழுவில் மட்டும் அதன் பெயர் அடிக்கடி வரும். "கேமரா வேலை செய்யுதா?", "ஃபுட்டேஜ் கிடைக்குமா?", "எதுக்கு மாசாமாசம் மெயின்டனன்ஸ் கட்டுறோம்?" என்று. 2016இல் பொருத்திய 16 சேனல் பெட்டி அது. அதே மாடல் இப்போது கடையில் கிடைப்பதில்லை. போன வருடம் புது சிஸ்டம் போடக் கொட்டேஷன் வாங்கினோம். கேமரா, வயரிங், என்.வி.ஆர். எல்லாம் சேர்த்து 1,85,000 ரூபாய் என்று வந்தது. அதை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, உதிரி பாகங்களை வைத்தே பழையதை ஓட்டிக்கொண்டிருக்கிறோம். ஏன், எப்படி, எவ்வளவு நாள் என்று நீங்கள் கேட்பது நியாயம். அதற்குப் பதில் சொல்லத்தான் நின்றிருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும்.

போன ஐப்பசி மழையில் ஒரு சைக்கிள் காணாமல் போனது பலருக்கு நினைவிருக்கும். கியர் வைத்த சைக்கிள், பையனுக்குப் பிறந்தநாளுக்கு வாங்கியது. நானும் கமிட்டி உறுப்பினர்கள் இருவரும் உட்கார்ந்து பதிவைப் பார்த்தோம். மூன்றாம் நம்பர் கேமராவில் தெளிவாக இருந்தது. கேட் அருகே செக்யூரிட்டி நாற்காலி காலி. பன்னிரண்டு நிமிடம் ஆள் இல்லை. அதற்குள் சைக்கிள் வெளியே போய்விட்டது. திரையில் நேரம் இரவு 8:25. அந்த நேரத்தைச் சத்தமாகப் படித்துச் சொன்னவன் நான்தான்.

இரவு ஷிஃப்ட் 8 மணிக்கு ஆரம்பிக்கிறது. ஆகவே நைட் வாட்ச்மேன் அண்ணன்தான் பொறுப்பு என்று முடிவாயிற்று. அவர், "சார், நான் அந்த நேரத்துல எங்கயும் போகலை சார், நாற்காலியிலதான் இருந்தேன்" என்று நாலு தடவை சொன்னார். நாங்கள் திரையைக் காட்டினோம். அவருக்கு அதன் பிறகு சொல்ல ஒன்றும் இல்லை. ஏஜென்சிக்குப் போன் போட்டு, நாளை முதல் வேறு ஆளை அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டோம்.

நான்காவது நாள், நான் அதே பதிவைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டிருந்தபோது, துடைப்பத்தை வைக்க வந்த நம் ஹவுஸ்கீப்பிங் அம்மா பின்னால் நின்று பார்த்தார். "இது எப்ப எடுத்தது?" என்றார். ராத்திரி எட்டரை என்றேன். "எட்டரையா? அந்தக் கம்பியில என் மாப்பு தொங்குது பாருங்க. ஆறு மணிக்கு அதை எடுத்து ரூம்ல வச்சுப் பூட்டிட்டுத்தான் நான் வீட்டுக்கே போவேன். எட்டரைக்கு எப்படித் தொங்கும்?"

நிஜமாகவே தொங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் என் கைபேசியை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கைபேசியில் காலை 10:40. டி.வி.ஆரில் மதியம் 1:10. சரியாக இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அப்படியானால் சைக்கிள் போனது மாலை 5:55. பகல் ஷிஃப்ட். தண்ணீர் லாரி வந்ததால் பகல் செக்யூரிட்டி பின்பக்கம் சம்ப் மூடியைத் திறந்துவிடப் போயிருக்கிறார். அது அவர் வேலைதான். மழை மூட்டத்தில் அந்த நேரத்துக்கே இருட்டு. பார்க்கிங்கில் டியூப் லைட் எப்போதும் எரியும். இரண்டு பேருக்கும் ஒரே யூனிஃபார்ம். படத்தைப் பார்த்து மாலையா இரவா என்று சொல்ல வழியில்லை. சைக்கிளை எடுத்தது யார் என்பது இரண்டு வீடுகளுக்குள் பேசி முடிந்த விஷயம், அது இங்கே வேண்டாம்.

வாட்ச்மேன் அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டோம். நான்கு நாள் சம்பளத்தைச் சங்கம் கொடுத்தது. மன்னிப்பும் கேட்டோம். ஆனால் கேட்டருகில், யாரும் இல்லாத நேரத்தில் கேட்டோம். அவரைப் பற்றிப் பேச்சு எழுந்ததோ 84 வீடுகள் உள்ள வாட்ஸ்அப் குழுவில். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் இந்த மைக்கில் சொல்கிறேன்: அவர் மேல் தவறு இல்லை. நேரத்தைச் சரிபார்க்காமல் படித்தது என் தவறு.

இரண்டரை மணி நேரம் எங்கிருந்து வந்தது? டி.வி.ஆருக்குள் ஒரு ரூபாய்க் காசு அளவில் ஒரு பட்டன் பேட்டரி உண்டு. சி.ஆர். 2032 என்று பெயர். மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓடவைப்பது அது. சில வருடங்களில் தீர்ந்துபோகும். தீர்ந்தபின் ஒவ்வொரு மின்வெட்டின்போதும் யு.பி.எஸ். கைவிட்டதும் தேதி தொடக்கத்துக்குப் போய்விடும். நம் பெட்டியில் 2000 ஜனவரி 1. பதிவு நடந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் 2000ஆம் வருடத்தில் போய் உட்கார்ந்திருக்கும். இன்றைய தேதியில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. "ரெக்கார்டே ஆகலை" என்று நாம் முன்பு திட்டிய இரண்டு மூன்று சந்தர்ப்பங்களில் பதிவு இருந்திருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

சரிசெய்ய வந்த டெக்னீஷியன் பேட்டரியை மாற்றவில்லை. பெட்டியை ஃபேக்டரி டீஃபால்ட்டுக்குக் கொண்டுபோய், இணையத்திலிருந்து நேரத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும்படி வைத்துவிட்டுப் போனார். டீஃபால்ட்டுக்குப் போனதில் டைம் ஸோன் சீன நேரமான பிளஸ் 8:00க்கு மாறிவிட்டது. நம்முடையது பிளஸ் 5:30. வித்தியாசம் இரண்டரை மணி. தேதி சரியாக இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. இரவு 9:30க்கு மேல் யாராவது பார்த்திருந்தால் திரையில் மறுநாள் தேதி தெரிந்திருக்கும். அந்த நேரத்தில் மாடிப்படிக்குக் கீழே யார் போகிறார்கள்? கொசுதான் இருக்கும்.

புது பேட்டரி 40 ரூபாய். நம் பெட்டியில் சாக்கெட்டில் செருகியிருக்கிறது, நகத்தால் நெம்பினால் வந்துவிடும். சில பெட்டிகளில் தகடு வைத்து ஈயத்தால் பற்றவைத்திருப்பார்கள். அதற்கு அதே மாதிரி தகடு வைத்த பேட்டரியாகப் பார்த்து வாங்க வேண்டும். சாதாரண பேட்டரியின் மேல் நேரடியாகச் சூட்டுக்கோலை வைத்தால் வெடிக்கலாம்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் பெட்டியை முழுதாகக் கழற்றுவது என்று முடிவு செய்தேன். எனக்கு டிவி ரிப்பேர் பழக்கம் சாலிடேர், டயனோரா காலத்திலிருந்தே உண்டு. கை சும்மா இருக்காது. மூடியைத் திறந்ததும் பார்த்தது தூசி, பிறகு காய்ந்த பல்லி ஒன்று. சிரிக்காதீர்கள். மின்சாரப் பெட்டிக்குள் பல்லி குறுக்கே விழுந்து ஷார்ட் ஆவது நம் ஊரில் சாதாரணம். சூட்டுக்காக வரும், சூட்டிலேயே போய்விடும். இப்போது தகரப் பெட்டியின் காற்றுத் துளைகளில் கொசுவலைத் துணி ஒட்டியிருக்கிறது.

உள்ளே இருக்கும் 40 மில்லிமீட்டர் விசிறி சுற்றவே இல்லை. எத்தனை மாதமாகச் சுற்றவில்லையோ தெரியாது. நாம் என்ன செய்தோம்? பத்திரமாக இருக்கட்டும் என்று காற்றுப் போகாத தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினோம். சென்னை மே மாதத்தில் அதற்குள் என்ன சூடு இருந்திருக்கும்! சூட்டை முதலில் தாங்காதது கன்டென்சர். நீளக் குப்பி மாதிரி நிற்கும் எலக்ட்ரோலிடிக் கன்டென்சருக்குள் திரவம் உண்டு, அது மெல்ல வற்றும். பத்து டிகிரி சூடு குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. கெட்டுப்போனால் பெரும்பாலும் தலை உப்பியிருக்கும். நம் பெட்டியின் போர்டில் மூன்று உப்பியிருந்தன. ரிச்சி தெருவில் ஒன்று பத்து, பதினைந்து ரூபாய். மாற்றும்போது மைக்ரோஃபாரட் அளவு அதேதான் இருக்க வேண்டும். வோல்ட் அளவு அதேயாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. 105 டிகிரி என்று அச்சிட்டதாகப் பார்த்து வாங்க வேண்டும். பிளஸ் மைனஸ் மாறக் கூடாது. விசிறி 120 ரூபாய். பிராசஸர் மேல் இருக்கும் அலுமினியத் தகட்டுக்கடியில் காய்ந்துபோன பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிதாகத் தடவினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போயிற்று, சாப்பாடு ஆறிப்போய்த்தான் சாப்பிட்டேன். வீட்டில் கிடைத்த பேச்சு மினிட்ஸில் வராது.

இனி, உங்களில் பலர் கேட்ட கேள்வி. "பகல்ல எல்லா கேமராவும் நல்லா தெரியுது, ராத்திரியில மட்டும் நாலு கேமரா போயிடுது, ஏன்?" கேமரா கெட்டுவிட்டது என்று நினைத்து நான்கு கேமரா வாங்கவே போனோம். இருட்டியதும் கேமராவைச் சுற்றியுள்ள இன்ஃப்ராரெட் விளக்குகள் எரிய ஆரம்பிக்கும். அப்போது கேமரா இழுக்கும் கரண்ட் கூடும். கரண்ட் தருவது சுவரில் மாட்டியிருக்கும் 12 வோல்ட் எஸ்.எம்.பி.எஸ். அது கிழடாகியிருந்தால் பகல் சுமையைத் தாங்கும், இரவுச் சுமையில் படுத்துவிடும். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் மதியம் 11.9 வோல்ட். இரவு ஏழு மணிக்கு அதே இடத்தில் 9.6. கேமரா பாவம், என்ன செய்யும்? கேமராவிடம் போய்ப் பார்க்கும்போதும் இரவில்தான் பார்க்க வேண்டும். நீள ஒயரில் வழியிலேயே கொஞ்சம் வோல்ட் குறையும்; செம்புப் பூச்சு பூசிய அலுமினிய ஒயராக இருந்தால் இன்னும் குறையும்.

இந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் கன்டென்சர் மாற்றி ஓட்டலாம். ஆனால் அதைச் செய்யாதீர்கள் என்றே சொல்வேன். உள்ளே ஏ.சி. பக்கத்தில் 300 வோல்ட்டுக்கு மேல் டி.சி. நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் கன்டென்சரில் தேங்கியிருக்கும். பழகிய எனக்கே இரண்டு முறை அடித்திருக்கிறது. புதிதாக 10 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். ஆயிரம் ரூபாய்க்குள் வருகிறது. இரண்டு வாங்கி, ஒன்றைப் பொருத்தி ஒன்றை டப்பாவில் போட்டேன். டி.வி.ஆரின் போர்டு எங்கேயும் கிடைக்காது, அதனால் அதை உட்கார்ந்து ரிப்பேர் செய்கிறோம். கடையில் கிடைப்பதை ஏன் உயிரைப் பணயம் வைத்துச் சரிசெய்ய வேண்டும்?

டி.வி.ஆர். தானாக ஆஃப் ஆகி ஆன் ஆகிக்கொண்டிருந்த கதையும் இதே மாதிரிதான். உள்ளே இருந்து டிக், டிக் என்று சத்தம். வந்தவர்கள் எல்லோரும் "ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு சார்" என்றார்கள். ஹார்ட் டிஸ்க் ஓய்விலிருந்து சுற்ற ஆரம்பிக்கும் அந்தச் சில விநாடிகளில் கிட்டத்தட்ட 2 ஆம்பியர் இழுக்கும். அடாப்டர் பழசானால் அந்த நேரத்தில் வோல்ட் சரியும், டி.வி.ஆர். ரீஸ்டார்ட் ஆகும், மறுபடி டிஸ்க் சுற்றப் பார்க்கும், மறுபடி சரியும். அடாப்டரை மாற்றினேன், டிஸ்க் நன்றாகவே ஓடியது. அதற்கப்புறம் ஒரு வருடம் ஓடியது. பிறகு நிஜமாகவே தேய ஆரம்பித்தது.

டிஸ்க் தேய்ந்ததா இல்லையா என்பதை ஊகத்தால் சொல்ல வேண்டியதில்லை. கழற்றிக் கணினியில் மாட்டினால் அதுவே தன் உடல்நிலையை எண்களாகச் சொல்லும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். மாட்டியதும் விண்டோஸ், "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கும். டி.வி.ஆர். தன் சொந்த முறையில் எழுதுவதால் விண்டோஸுக்கு அது புரியாது. வேண்டாம் என்று அழுத்துங்கள். ஆமாம் என்று அழுத்திவிட்டால் பதிவு போயிற்று. அப்புறம் மூன்று எண்களைப் பாருங்கள். ரீஅலொகேட்டட் செக்டார், பெண்டிங் செக்டார் என்ற இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும்; வாராவாரம் ஏறினால் டிஸ்க் கிளம்பிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சி.ஆர்.சி. எரர் என்ற மூன்றாவது மட்டும் ஏறினால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் அது டிஸ்க்கையும் போர்டையும் இணைக்கும் சாட்டா கேபிளின் கோளாறு, 60 ரூபாய் சமாசாரம்.

புது டிஸ்க் வாங்கும்போதும் இதே சோதனையைக் கடையிலேயே செய்யச் சொல்லுங்கள். நான் முதலில் வாங்கிய டிஸ்க் "பிராண்ட் நியூ" என்று சொல்லித் தரப்பட்டது. வீட்டில் பார்த்தால் ஓடிய நேரம் 30,000 மணி சொச்சம். வருடத்துக்கு 8,760 மணி. ஆக, மூன்று வருடத்துக்கு மேல் வேறெங்கோ உழைத்துவிட்டு நம்மிடம் வந்திருக்கிறது. திருப்பிக் கொடுத்தேன், கடைக்காரர் பேசாமல் வாங்கிக்கொண்டார். இரண்டாவதாக வாங்கியது கண்காணிப்புக்கென்றே செய்த வகை, 4 டி.பி. சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் விலை குறைவுதான், ஆனால் அது 24 மணி நேரமும் எழுதிக்கொண்டே இருப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. வாங்குமுன் நம் டி.வி.ஆர். எத்தனை டி.பி. வரை ஏற்கும் என்று அதன் மேனுவலில் பார்த்தேன். பழைய பெட்டிகளுக்கு ஒரு மேல்வரம்பு உண்டு. அதற்கு மேல் வாங்கினால் காசு வீண்.

எத்தனை நாள் பதிவு நிற்கும் என்று கேட்பவர்களுக்கு எளிய கணக்கு. ஒரு கேமரா விநாடிக்கு 2 மெகாபிட் எழுதினால் ஒரு நாளுக்கு 21.6 ஜி.பி. நமக்கு இப்போது 13 கேமரா. எல்லாம் அப்படியே எழுதினால் நாளுக்கு 281 ஜி.பி., பழைய 2 டி.பி. டிஸ்க்கில் ஏழு நாள்தான். ஊருக்குப் போய்விட்டுப் பத்தாம் நாள் திரும்பி வந்து ஃபுட்டேஜ் கேட்டவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று இப்போது புரிந்திருக்கும். இப்போது 4 டி.பி. அதோடு, மொட்டை மாடி, படிக்கட்டு கேமரா ஐந்தையும் 1 மெகாபிட்டுக்குக் குறைத்துவிட்டேன். கேட், லிஃப்ட், பார்க்கிங் எட்டையும் தொடவில்லை. 17 நாள் நிற்கிறது.

16 சேனல் பெட்டிக்கு ஏன் 13 கேமரா என்றால், ஒரு மழைக்கால இடியில் மூன்று போர்ட் எரிந்துபோயிற்று. மொட்டை மாடி ஒயர் வழியாக வந்தது. அதைச் சரிசெய்ய முடியவில்லை. அங்கேதான் "தானம்" வந்தது. பக்கத்துத் தெரு அபார்ட்மெண்டில் புது சிஸ்டம் போட்டபோது இதே மாடல் பெட்டி ஒன்றை எடைக்குப் போட எடுத்து வைத்திருந்தார்கள். 500 ரூபாய்க்குக் கேட்டு வாங்கினேன். அதன் மெயின் போர்டு செத்துவிட்டது. ஆனால் முன்பக்கப் பட்டன் போர்டு, டிஸ்க்குக்குப் போகும் பவர் ஒயர், மவுஸ், ரிமோட், ஸ்க்ரூ வரை எல்லாம் நமக்கு ஆகும். பவர் ஒயரும் ரிமோட்டும் ஏற்கெனவே நம் பெட்டிக்கு மாறிவிட்டன.

பி.என்.சி. கனெக்டர்களைப் பற்றி நீட்டவில்லை. மழை வந்தால் படம் ஆடுகிறது, போகிறது என்றால் பத்தில் எட்டு முறை வெளியே தொங்கும் கனெக்டரில் பச்சை பூத்திருக்கும். வெட்டிவிட்டுப் புதிது போட்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடினால் சரி.

இப்போது உங்களில் சிலருக்குப் பிடிக்காத விஷயம். இந்த டி.வி.ஆரை இணையத்திலிருந்து துண்டித்துவிட்டேன். கைபேசியில் கேமரா பார்க்க முடியவில்லை என்று ஒன்பது பேர் புகார் கொடுத்திருக்கிறீர்கள். ஆபீஸிலிருந்தே காரைப் பார்த்துக்கொள்வேன் என்று ஒருவர், மகள் பள்ளி வேனில் இறங்குவதைப் பார்ப்பேன் என்று ஒருவர். இரண்டாவது புகாருக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் நிலைமை இதுதான். கன்டென்சரை மாற்றலாம், விசிறியை மாற்றலாம், உள்ளே ஓடும் மென்பொருளுக்கு உதிரி பாகம் கிடையாது. நம் பெட்டிக்குக் கம்பெனி அப்டேட் தருவதை நிறுத்தி வருடங்களாகிவிட்டன. 2016இல் மிராய் என்ற தீநிரல் உலகம் முழுக்க இப்படிப்பட்ட டி.வி.ஆர்.களையும் கேமராக்களையும் ரௌட்டர்களையும், மாற்றாமல் விட்ட டீஃபால்ட் பாஸ்வேர்டு மூலமாகப் பிடித்துத் தன் படையாக்கியது. அந்த அக்டோபரில் அமெரிக்காவின் பெரிய இணையதளங்கள் பல அதனால் மணிக்கணக்கில் முடங்கின. நம்முடையதைத் திறந்தபோது பாஸ்வேர்டு என்னவாக இருந்தது தெரியுமா? ஒன்று முதல் ஆறு வரை வரிசையாக. நம் வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் எப்போது வருகிறார்கள், போகிறார்கள் என்பதை யார் யார் பார்த்திருக்க முடியும் என்று நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. நீங்கள் வாக்கெடுப்பு நடத்தி மறுபடி இணைக்கச் சொன்னால் இணைப்பேன், ஆனால் என் வாக்கு எதிராகத்தான் இருக்கும்.

இணையம் இல்லாததால் கடிகாரத்தை இனி ஆள்தான் சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி நானும் ஏதாவது ஒரு பிளாக் பிரதிநிதியும் போய், கைபேசி நேரத்தையும் திரை நேரத்தையும் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். எப்போதாவது சம்பவம் நடந்து, நேரம் தப்பாக இருப்பது தெரிந்தால் உடனே திருத்தாதீர்கள். முதலில் திரையையும் கைபேசியையும் சேர்த்து ஒரு போட்டோ எடுங்கள், வித்தியாசத்தை எழுதி வையுங்கள், பதிவை வெளியே எடுங்கள், அப்புறம் திருத்துங்கள். போலீஸ், கோர்ட் என்று போனால் இது முக்கியம். முன்பு சாட்சியச் சட்டத்தில் 65பி என்று சொன்ன சான்றிதழ், 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவில் வருகிறது. கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். ஐப்பசியில் அந்தச் சைக்கிள் விவகாரம் ஸ்டேஷனுக்குப் போயிருந்தால், இரண்டரை மணி நேரம் பொய் சொன்ன பெட்டிக்கு நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

செலவு எவ்வளவு என்று பொருளாளர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஹார்ட் டிஸ்க்கோடு சேர்த்து 14,000 ரூபாய்ச் சொச்சம். அதில் டிஸ்க்தான் பெரும்பகுதி. புது டி.வி.ஆருக்கு மாறினாலும் இந்த டிஸ்க் அதில் வேலை செய்யும், அதனால் அது வீணில்லை.

இன்னும் எவ்வளவு நாள் ஓடும்? இரண்டு வருடம் என்று நினைக்கிறேன். மெயின் போர்டில் பிராசஸரோ, அதன் பக்கத்து மெமரியோ போனால் அன்றே முடிந்தது, நான் ஒன்றும் செய்ய முடியாது. இன்னும் இரண்டு போர்ட் போனாலும் கேட்டையும் லிஃப்டையும் விட்டுக்கொடுத்து ஓட்டச் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கும் 1,85,000 தேவையில்லை என்பதுதான் இதையெல்லாம் கழற்றிப் பார்த்ததில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம். அந்தக் கொட்டேஷனில் பாதிக்கு மேல் புது ஒயரிங்கும் புது ஐ.பி. கேமராவும். நம் கோஆக்ஸியல் ஒயர் பதினொரு இடத்தில் நன்றாகவே இருக்கிறது, இரண்டு இடத்தில் மட்டும் மாற்ற வேண்டும். எக்ஸ்.வி.ஆர். என்று இப்போது வரும் பெட்டிகள் அதே ஒயரில், இதே பழைய கேமராக்களோடு வேலை செய்யும். வேண்டுமானால் நாலு ஐ.பி. கேமராவையும் சேர்த்துக்கொள்ளலாம். பெட்டியை மட்டும் மாற்றினால் போதும். அதற்காகப் பராமரிப்பு நிதியிலிருந்து மாதம் 1,000 ரூபாய் தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்று தீர்மானம் கொடுத்திருக்கிறேன். கை தூக்குவதோ தூக்காததோ உங்கள் விருப்பம்.

தகரப் பெட்டியின் சாவி இப்போது செயலாளரிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. உதிரி பாகங்கள் கிளப் ரூம் அலமாரியில் நீல பிஸ்கட் டின்னில் இருக்கின்றன: எஸ்.எம்.பி.எஸ். ஒன்று, அடாப்டர் ஒன்று, விசிறி, சாட்டா கேபிள், ஐந்து பட்டன் பேட்டரி, ஒரு கை பி.என்.சி. கனெக்டர். பேட்டரியைக் கார் ரிமோட்டுக்கு என்று யாரோ ஒருவர் எடுத்துப்போயிருக்கிறார், ஆறு வைத்தேன், ஐந்துதான் இருக்கிறது. திருப்பி வைத்துவிடுங்கள், பெயர் கேட்க மாட்டேன்.

சால்டரிங் தெரிந்த இளைஞர் யாராவது இருந்தால் ஞாயிறு காலை டி பிளாக்குக்கு வந்து என்னைப் பாருங்கள். எனக்குக் கண் முன்போல் இல்லை. சின்ன எழுத்தைப் படிக்க லென்ஸ் வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ இதே மாடல் பெட்டி எடைக்குப் போகக் காத்திருந்தாலும் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.

செயலாளர் எழுந்துவிட்டார். லிஃப்ட் ஏ.எம்.சி. பற்றி அவர் பேசுவார்.